ஒஃபன்பாக்கில் ஒரு கைப்பை

வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் 2006இல் ஒஃபன்பாக் நகரத்துக்குக் குடிவந்தேன். வேலை பிராங்பேர்ட்டில், நகர ரயிலில் கால்மணி நேரம். பிராங்பேர்ட்காரர்களுக்கு ஒஃபன்பாக் என்றாலே ஒரு நக்கல். வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள் ஜேர்மனியிலேயே மிக அதிகமாக வாழும் நகரங்களில் இதுவும் ஒன்று என்பது அந்த நக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. இங்கே வந்து இரண்டு வருடங்கள் கழிந்த பிறகுதான், என் தோளில் தொங்கிய பைக்கும் இந்த நகரத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரியவந்தது.

அது ஓர் எம்.சி.எம். பை. கொன்யாக் நிறம், மேலெல்லாம் இலைவளையத்தோடு மூன்று எழுத்துகள், முன்பக்கத்தில் இலக்கம் பொறித்த பித்தளைத் தகடு. முதல் நிரந்தர வேலையின் நான்காம் மாதச் சம்பளத்தில் வாங்கினேன். ஏன் என்று எங்கள் கலியாண மண்டபங்களுக்குப் போய்வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு வருமுன் மேசைக்கு வருவது பைகள்தான். அதுவும் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டு. அகதி விடுதியில் யாரோ கொடுத்த உடுப்போடு பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளைக்கு அந்தப் பித்தளைத் தகடு என்னவாக இருந்தது என்பதை நான் கேலி செய்து எழுத விரும்பவில்லை.

பையின் கைப்பிடி அறுந்தபோது, நகரத்தின் பின்தெரு ஒன்றில் பை திருத்துகிற முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கிரேக்கர். அறுபதுகளில் கூலித் தொழிலாளியாக வந்து, ஒஃபன்பாக் தோல் பொருள் ஆலைகளில் நாற்பது வருடம் நின்றவர். பையைக் கையில் வாங்கி, பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதில் கைப்பிடியும் ஓரப்பட்டியும்தான் தோல். மற்றதெல்லாம் பூச்சுப் பூசிய துணி" என்றார். எனக்கு முகம் சுட்டது. எம்.சி.எம். யாரையும் ஏமாற்றவில்லை, அந்தப் பையின் உடல் பூச்சுக் கன்வஸ் என்பது விவரச் சீட்டிலேயே இருந்தது. நான்தான் எழுத்தைப் பார்த்தேன், பொருளைப் பார்க்கவில்லை. மிகாயேல் குரோமர் என்பவர் 1976இல் மியூனிக்கில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2005இல் தென்கொரியாவின் சுங்ஜூ குழுமம் வாங்கிவிட்டது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. "ஜேர்மன் பை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்குத்தான் என் சேகரிப்பு தொடங்கியது என்று சொல்லலாம். அதற்கு முன் நான் பைகள் வாங்கிக்கொண்டிருந்தேன், அது வேறு.

ஒஃபன்பாக் தோல் நகரமானது ஒரு நாளில் அல்ல. 1699இல் இஸன்பூர்க் பிரபு யோஹான் பிலிப், பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகெனோ அகதிகளுக்கு இங்கே குடியிருக்க இடம் கொடுத்தார். அகதிகள் தங்கள் கைத்தொழில்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் பணப்பை, கடிதப்பை, சிறு பெட்டி செய்யும் நுண்தோல் வேலை இங்கே வேரூன்றியது. அதைச் செய்தவர்களுக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த 'போர்ட்டஃபொயில்லர்' என்ற மரியாதையான பெயர். ஊர்ப்பேச்சில் 'பாப்ஷர்', அதாவது பசை ஒட்டுகிறவன். தோலின் ஓரத்தைக் கத்தியால் கடதாசி அளவுக்குச் சீவி, மடித்து, பசையிட்டு, சுத்தியலால் தட்டித் தையல் தெரியாமல் செய்வதுதான் அந்த வேலையின் உயிர். சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு மேசையில் தோல் கிடந்தது. பெண்களும் பிள்ளைகளும் துண்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்தார்கள். 1856இல் லுட்விக் க்ரும் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் 'கோல்ட்ஃபைல்' என்ற பெயரில் உலகக் கடைகளுக்குப் போனது. பக்கத்து ஒபர்ட்ஸ்ஹௌசனில் பிகார்ட் 1928இல் தொடங்கியது. அதே ஊரின் கொம்டெஸ் என்ற பெயருக்குக் குதிரை மயிரில் நெய்த துணிப் பைகளால் புகழ்.

கோல்ட்ஃபைல் கடைசியில் ஹாங்காங்கைச் சேர்ந்த குழுமம் ஒன்றின் கைக்குப் போய், 2000களின் இறுதியில் அந்தக் குழுமத்தோடு சேர்ந்து விழுந்தது. நான் ஒஃபன்பாக் வந்து கொஞ்ச நாளில். நூற்றைம்பது வருடக் கைத்தொழில் ஒன்று என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அணைந்துகொண்டிருந்தபோது, நான் ரயிலில் எம்.சி.எம். பையோடு போய்வந்திருக்கிறேன்.

பிராங்பேர்ட்டர் தெருவில் ஜேர்மன் தோல் அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் உலகப் போர் நடுவில், 1917இல், கட்டடக் கலைஞர் ஹூகோ எபெர்ஹார்ட் அதை நிறுவினார். இங்கத்தையத் தொழிற்கலைப் பள்ளியின் தலைவர் அவர். மாணவர்களும் கைவினைஞர்களும் பார்த்துப் பழக நல்ல மாதிரிகள் வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது. அவர் விலை பார்த்துச் சேர்க்கவில்லை. எப்படிச் செய்யப்பட்டது என்று கற்றுக்கொடுக்கக்கூடிய பொருளைச் சேர்த்தார். ஆபிரிக்கச் சேணம், ஆசிய நிழற்பாவை, ஐரோப்பியப் பணப்பை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்தது அதனால்தான். வரலாற்றுப் பைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். பிள்ளைகள் சலிக்காத அருங்காட்சியகம், என் அனுபவத்தில்.

என் இரண்டாவது பை ஒரு பழைய கோல்ட்ஃபைல். மைன் கரைச் சந்தையில் நாற்பது யூரோ. அறுபதுகளின் வடிவம், கறுப்பு ஆட்டுத்தோல், பூட்டு இன்னும் 'டக்' என்று மூடுகிறது. கிரேக்கர் அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். தோல் எங்கேயிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். "ஆலைக்கு வரும்போது தோலுக்கு ஊர் இருக்கும். பையாகி வெளியே போகும்போது இருக்காது" என்றார்.

அந்தக் கேள்வியோடு நூலகத்தில் பழைய தோல் வணிக அகராதி ஒன்றைப் புரட்டினேன். 'கிப்ஸ்' என்று ஒரு சொல். கிழக்கிந்தியாவின் திமில் மாட்டுத் தோலுக்கு ஜேர்மன் வணிகர்கள் வைத்திருந்த பெயர். கிழக்கிந்தியா என்று அவர்கள் எழுதியதில் எங்கள் பக்கத்து ஊர்களும் அடக்கம். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து பச்சைத் தோல். மதராஸ் துறைமுகத்திலிருந்து பதனிட்ட தோல். முதல் உலகப் போருக்கு முன் கல்கத்தாவின் பச்சைத்தோல் ஏற்றுமதியை ஜேர்மன் வணிக நிறுவனங்களின் கூட்டு ஒன்றுதான் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது. மாட்டுத் தோல்கள் ஹம்பூர்க் துறைமுகத்தில் இறங்கின. 1914இல் போர் மூண்டதும் அந்த வாசல் மூடியது. பிரிட்டிஷ் அரசு 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டு, பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஜேர்மன் ஆலைகளுக்குத் தோல் போகக்கூடாது என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

மதராஸ் தோலின் கதை வேறு மாதிரி. அங்கே தோலைப் பாதியளவு பதனிட்டு லண்டன் சந்தைக்கு அனுப்பினார்கள். 'ஈ.ஐ.' தோல் என்பது அதன் வணிகப் பெயர். இன்று புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதையைக் கத்தியால் வழித்து, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் குழிக்குக் குழி மாற்றி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து, எண்ணெய் தடவிக் காயப்போடுவார்கள். வெளுத்த மஞ்சள் நிறம், மிருதுவான மணம். ஐரோப்பியப் பட்டறை அதை வாங்கித் தனக்கு வேண்டிய நிறமும் பளபளப்பும் கொடுத்துக்கொள்ளும். அதாவது ஐரோப்பாவில் 'முடிக்கப்பட்ட' தோல் ஒன்றின் நாற்றமெடுக்கும் பாதி வேலை, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ திண்டுக்கல்லிலோ ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். என் கோல்ட்ஃபைலின் ஆடு எந்த ஊர் ஆடு என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கேள்வி இனிமேல் போகாது.

(ஓர் இடைச்செருகல்: சென்னைக்குப் போகிற எங்கள் ஆட்கள் குரோம்பேட்டையில் சேலை வாங்குகிறார்கள். அந்தப் பெயர் குரோம் உப்பில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.)

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முழுமையான தோலாகவும் பொருளாகவும் அனுப்பச் சொன்னது. செருப்பும் பையும் மேற்சட்டையும் வேலூர்ப் பக்கத்திலிருந்து நேரே ஜேர்மனிக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1980களில் இந்தியத் தோலின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் மேற்கு ஜேர்மனியும் ஒன்று. எங்கள் ஆட்கள் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்கு வந்து அகதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்கள். நாங்களும் அந்தத் தோலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் இந்த நாட்டுக்குள் வந்தோம். தோலுக்கு விசா பிரச்சினை இருக்கவில்லை. 1989 டிசம்பர் வரை.

அந்த மாதம் மேற்கு ஜேர்மனி பென்டாக்ளோரோஃபீனோல் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தடைசெய்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது. ஈரத்தோடு கப்பலில் வரும் தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தமிழ்நாட்டுத் தோல்ஷாப்புகளில் பரவலாகப் பாவித்த மருந்து அதுதான். பொன் நகரத்தில் வெளியான ஓர் ஆணை, சில மாதங்களில் பாலாற்றங்கரையில் இடியாக விழுந்தது. மாற்று மருந்து தேடுவதும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் முறையைக் கொண்டுவருவதும் அடையாற்று நிறுவனத்தின் தலையில் வந்தது. மூச்சு விடுமுன் 1994இல் அடுத்த ஆணை: புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்குத் தடை. சிறு தோல்ஷாப்புகளுக்குச் சோதனைச் செலவே பெருஞ்சுமை. இருந்தும் தொழில் மாறிக்கொண்டது.

இந்த ஆணைகளை நான் குறைசொல்ல வரவில்லை. நஞ்சு நஞ்சுதான். ஆனால் அவை அளந்தது தோள்வாரைத் தொடும் ஜேர்மன் தோலில் எவ்வளவு நஞ்சு படும் என்பதை. அதே மருந்தில் முழங்கை வரை நனைந்த தொழிலாளியின் தோலுக்குக் கிடைத்த நன்மை, தற்செயலாகக் கிடைத்தது. ஆற்றுக்கு அதுவும் இல்லை. பாலாற்றுத் தோல்ஷாப்புக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில். ஆறு அதற்குள் கெட்டுப்போயிருந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல்ஷாப்புகளுக்கான பொதுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் படுத்துறங்கிய 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மூன்று மாதம் கழித்து, மே முதலாம் திகதி, தோல் பொருட்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் நான் வாங்கிய பையோடு வந்த சீட்டில், அந்தச் சோதனையில் தேறியது என்று எழுதியிருந்தது.

2018இல் தமிழ்நாடு போனபோது சென்னை பெரியமேட்டில் தோல் கிடங்குகளைச் சுற்றினேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் கேட்டேன். வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது பெரும்பாலும் வாட்டில் மரச்சாறுதான், ஆவாரம்பட்டைக்கு ஆள் இல்லை, பொறுத்திருந்தால் எடுத்துத் தருகிறேன் என்றார். பொறுத்திருந்தேன். நான்கு தோல் கிடைத்தது. பாண்டிச்சேரியில் திலீப் கபூர் 1978இல் தொடங்கிய ஹைடிசைனின் பை ஒன்றும் அந்தப் பயணத்தில் வாங்கினேன். தாவரப் பதனிடலைக் கைவிடாத பெயர் என்பதற்காக. என் சேகரிப்பில் தோலும் தையலும் ஒரே வட்டாரத்தில் நடந்த பை அது ஒன்றுதான்.

ஒஃபன்பாக் திரும்பி, மாலை நேரத் தோல் வேலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"என்ன பிள்ளை, செருப்புத் தைக்கிற வேலையோ? அது எங்கட ஆக்கள் செய்யிற வேலையில்லையெல்லோ."

"உங்கட கையில இருக்கிற பையை ஆர் தைச்சவை அம்மா?"

"அது கடையில வாங்கினது."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அம்மா பொல்லாதவ இல்லை. தோல் என்பது கடையில் பிறக்கிறது என்று நம்பும்படிதான் எங்கள் சமூகம் அவவை வளர்த்தது. வேலூர்ப் பக்கத்துத் தோல்ஷாப்புகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். சாதி இந்துக்கள் தள்ளி நின்ற தொழில் அது. தள்ளி நின்றது வேலையிலிருந்து மட்டும், பொருளிலிருந்து அல்ல. திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் அதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. பைகளைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். கலியாண மண்டபத்தில் ஆயிரம் யூரோப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் 'என்ன ஆக்கள்' என்று விசாரிக்கிற பெண்கள் இருக்கும் மேசையில் நானும் இருந்திருக்கிறேன். வாய் திறக்காமல்.

பெயர் பெற்ற ஐரோப்பிய நிறுவனங்கள் இந்த விஷயத்தில் எங்களைவிடப் பெரிய ஒழுங்கு என்றும் இல்லை. 2024இல் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றைக் கொஞ்ச காலம் நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம்தான் வழக்கு. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துச் சேர்க்கப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று நீதிமன்ற ஆவணங்கள் சொல்லின. தோல் விலை அதில் சேராது. அந்தப் பட்டறை ஆபிரிக்காவிலோ ஆசியாவிலோ இல்லை, இத்தாலியில். 'மேட் இன்' என்று தொடங்கும் எந்த வரியும் கடைசிப் பெரிய வேலை எங்கே நடந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதனால் நான் அந்த வரியை வாசிப்பதை விட்டுவிட்டேன். உள்பக்கத்து ஓர மடிப்பைப் பார்க்கிறேன், பட்டி உடலோடு சேரும் இடத்தை இழுத்துப் பார்க்கிறேன், திருத்தக்கூடியதா என்று கேட்கிறேன். பிகார்ட் தன் தையலின் பெரும்பகுதி வங்காளதேசத்தில் நடப்பதை ஒளிக்கவில்லை. 1990களிலிருந்து அங்கே அவர்களுக்குக் கூட்டு ஆலை இருக்கிறது. அந்த நேர்மைக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன்.

வாங்காமல் விட்ட பை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹம்பூர்க்கில் ஒரு பழம்பொருள் கடை. முப்பதுகளின் முதலைத்தோல் பை, உள்ளே பட்டுத்துணி, சிறிய கண்ணாடி, யாரோ ஒருத்தியின் இரண்டு எழுத்து முத்திரை. விலை என் கைக்கு எட்டியது. கடைக்காரர் "ஒரு நல்ல குடும்பத்து வீட்டிலிருந்து வந்தது" என்றார். எப்போது அந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீட்டுப் பொருட்கள், கட்டிலும் தலையணை உறையும் உட்பட, 1941இலிருந்து ஹம்பூர்க்கில் பகிரங்க ஏலத்தில் போயின. சாதாரணக் குடும்பங்கள் வரிசையில் நின்று வாங்கின. ஒஃபன்பாக்கிலும் யூதர்களின் தோல் நிறுவனங்கள் பறிக்கப்பட்டன. போருக்குப் பின் 1946இல் இதே ஒஃபன்பாக்கில் அமெரிக்க இராணுவம், நாசிகள் கொள்ளையடித்த யூத நூல்களை இலட்சக்கணக்கில் குவித்து, உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பும் களஞ்சியம் ஒன்றை நடத்தியது. புத்தகத்துக்குள் பெயரும் நூலக முத்திரையும் இருந்தன. கைப்பைக்கு அப்படி ஒரு களஞ்சியம் இருக்கவில்லை. அந்த இரண்டெழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 83இல் கொழும்பில் எங்கள் பெரியம்மா வீட்டிலிருந்து போன அலுமாரி இப்போது எந்த வீட்டில் நிற்கிறதோ. பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அது ஒரு குற்றமும் அறியாத பையாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது என்னிடம் ஆறு பைகள். எம்.சி.எம். பையையும் விற்கவில்லை, கிரேக்கர் போட்ட புதுக் கைப்பிடியோடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் ஒரு பக்கம்: எங்கே தைத்தது, தோல் எங்கேயிருந்து, யார் திருத்தினார்கள், என்ன விலை. 'தோல்' என்ற வரிக்கு எதிரே நான்கு பக்கங்களில் வெறுமைதான்.

போன மார்கழியில் அம்மா வந்து நின்றபோது தன் பழைய ரெக்சின் பையைக் கொண்டுவந்தா. யாழ்ப்பாணத்தில் வாங்கி, ஷோனஃபெல்ட் வழியாக வந்த பை. இன்னும் அதற்குள்தான் பிறப்புச் சான்றிதழும், முதல் அகதி விண்ணப்பக் கடதாசியும், அப்பாவின் மரணச் சான்றிதழும். தோள்பட்டி பிடியிடத்தில் கிழிந்திருந்தது. ரெக்சினில் ஊசி போட்டால் ஓட்டையோடு கிழிந்துகொண்டு போகும், உள்ளுக்கு ஒரு தோல்துண்டு வைத்துத்தான் தைக்க வேண்டும் என்றேன்.

"வைச்சுத் தையன்" என்றா.

பெரியமேட்டு ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் சீவி, மெழுகு நூலில் இரண்டு ஊசித் தையல் போட்டேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அம்மா தேத்தண்ணியோடு முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. முடிந்ததும் அந்த மஞ்சள் துண்டை விரலால் தடவி, மணந்து பார்த்து, "இது எவடத்துத் தோல்?" என்று கேட்டா.

ஆம்பூர்ப் பக்கம் என்றேன். ஆவாரம்பட்டையில் பதனிட்டது என்றேன். பதனிட்டவர் பெயர் தெரியாது என்றும் சொன்னேன்.

கடதாசிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி, பையை மூடி, பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தா.